வாசித்துக் காட்டுங்க ஐயா

என் அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். எத்தனை தலைமுறை அதில் பிறந்து வளர்ந்தாலும் நமக்கென்று ஓர் உறுதி கிடையாது. அதனால்தான் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஹாலி-எலயில் பத்துப் பேர்ச் காணி வாங்கினார். அம்மாவும் அப்பாவும் இறந்த பின் அது அண்ணன், அக்கா, நான் ஆகிய மூவருக்கும் சேர்ந்தது.

அக்கா கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். 2009 இல் அத்தான் காணாமற் போனார். 2010 இல் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தவள், இரண்டு பிள்ளைகளோடு அந்தக் காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டாள். நான் அப்போது குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்.

2012 இல் அண்ணன் போன் பண்ணினார். "பத்திரம் ஒண்ணு அனுப்புறேன். எம்பசியில கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு தங்கச்சி. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். வந்த பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தூதரகம் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. எனக்கோ வேறு நாளில் லீவு இல்லை. என் கடவுச்சீட்டும் வீட்டுக்கார அம்மாவிடம்தான் இருந்தது. மூன்று வாரம் கெஞ்சி, ஒரு காலைப் பொழுதுக்கு அனுமதி வாங்கிப் போனேன்.

பேனாவை எடுத்தபோது அங்கிருந்த அதிகாரி, "தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "வாசித்துக் காட்டுங்க ஐயா" என்றேன்.

அது பொது அற்றோணித் தத்துவம். என் பங்கை விற்கவும், ஈடு வைக்கவும், பணத்தைப் பெறவும் அண்ணனுக்கு முழு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அண்ணன் கெட்டவர் அல்ல, கடன் அவரை நெருக்கியது. ஆனால் எங்கள் இருவருடைய பங்கும் அந்நியர் கைக்குப் போனால், மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அக்கா எங்கே போவாள்? அன்று நான் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் விசேட அற்றோணித் தத்துவம் எழுதுவித்தோம். என் பங்கை அக்காவுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுப்பதற்கு மட்டுமே அது சித்தப்பாவுக்கு அதிகாரம் தந்தது. வேறெதற்கும் இல்லை. மறுபடியும் கெஞ்சி லீவு எடுத்து, தூதரக அதிகாரியின் முன்னிலையில் ஒப்பமிட்டு அனுப்பினேன். அக்காவும் சித்தப்பாவும் இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போய், வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அதை அத்தாட்சிப்படுத்தி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்தார்கள். அதன் பின்னரே பதுளையில் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, இவ்வாறு எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது.

அண்ணன் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அது இன்றும் எனக்கு மனவருத்தம்தான்.

சகோதரிகளே, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வெளிநாட்டில் இருக்கும்போது இப்படி ஒரு பத்திரம் வரலாம். உறவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காணி, என்ன வேலை என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். கொடுத்த அதிகாரத்தை எழுத்தில் இரத்துச் செய்யலாம். ஆனால் அந்த இரத்தையும் பதிய வேண்டும். அதற்கு முன் விற்கப்பட்ட காணியை மீட்க வழக்கென்று அலைய வேண்டிவரும்.

அன்று அந்தக் கேள்வியை அதிகாரி கேட்டார். நான்தான் கேட்டிருக்க வேண்டும்.