போர்வையைக் கிழிக்கும் தோழமை

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்கால மேய்ச்சல் வெளிகளில் பல குதிரைகள் மழை தாங்கும் போர்வையுடன்தான் நிற்கின்றன. உடல்முடி கத்தரிக்கப்பட்டவை, வயதானவை, மெலிந்தவை ஆகியவற்றுக்கு அது பெரும்பாலும் தேவைப்படும். முள்வேலியும் புதரும் போர்வையைக் கிழிப்பதுண்டு. கூட மேயும் குதிரைகளின் பற்களும் கிழிப்பதுண்டு. வேலியை ஒருமுறை சீர்செய்தால் போதும். பற்களிலிருந்து காக்க வேண்டுமானால் துணியையும் தெரிந்திருக்க வேண்டும், குதிரையின் குணத்தையும் தெரிந்திருக்க வேண்டும்.

மேய்ச்சல் போர்வையில் வெளித்துணி, உட்பஞ்சு, உள்துணி எனப் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. வெளித்துணி பாலியெஸ்டராலோ நைலானாலோ நெய்யப்பட்டு, உட்புறத்தில் நீர்புகாப் பூச்சு பெற்றிருக்கும். இழையின் தடிமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். கடைகளில் 600, 1200, 1680 டெனியர் போர்வைகள் பரவலாகக் கிடைக்கின்றன. எண் கூடக்கூட இழை தடிக்கும். ஆனால் உறுதியைத் தீர்மானிப்பதில் நெசவுக்கும் பங்குண்டு. ரிப்ஸ்டாப் நெசவில் சீரான இடைவெளியில் கெட்டி இழைகள் கட்டமிட்டு ஓடும். விழுந்த கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் அவை தடுக்கும். உட்பஞ்சு சதுர மீட்டருக்கு 50 கிராம் முதல் 400 கிராம் வரை இருக்கும். பஞ்சே இல்லாத மழைப் போர்வைகளும் உண்டு.

குதிரைக்கு மேல்தாடையில் ஆறும் கீழ்த்தாடையில் ஆறுமாக வெட்டுப்பற்கள் உண்டு. நெருங்கிய தோழமையுள்ள இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று பல்லால் வருடிக் கொடுப்பது வழக்கம். அந்த இடத்தை வருடும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்று காமார்க் இனக் குதிரைகளில் நடந்த ஆய்வு 1993இல் காட்டியது. அதே இடத்தைப் போர்வை மூடியிருந்தால் வருடல் துணியில் விழுகிறது. துணி இழுபடுகிறது, கிழிகிறது. காயடிக்கப்பட்ட இளம் ஆண் குதிரைகள் விளையாட்டாகக் கழுத்தையும் வால் மறைப்பையும் கவ்வி இழுக்கும். புல் குறைந்த வெளியில் வேலையின்றி நிற்கும் குதிரைக்கும் பக்கத்துக் குதிரையின் போர்வை வாய்க்கு எட்டும் பொருளாகிவிடுகிறது.

பழுது பார்க்கும் பட்டறைக்கு வரும் போர்வை முதலில் சலவைக்குப் போகிறது. பெரிய எந்திரத்தில், சுமார் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், பூச்சைக் கெடுக்காத மென்மையான சோப்பால் துவைப்பார்கள். நொதி கலந்த வீட்டுச் சலவைத்தூளைத் தவிர்ப்பார்கள். காய்ந்த போர்வையை மேசையில் விரித்ததுமே கைதேர்ந்த தையல்காரருக்குக் கிழிசல் வந்த வழி புரிந்துவிடுகிறது. ஒரே இழுப்பில் மூலை திரும்பிய கிழிசல் என்றால், ஆணியிலோ வேலியிலோ மாட்டியிருக்கலாம். தோளருகே சிறு துளைகள் கூட்டமாக விழுந்து, பஞ்சு பிய்ந்து தொங்கினால் பல்தான். வால் மறைப்பு தையலோடு பெயர்ந்திருந்தால், ஏதோ ஒரு குதிரை கவ்வி இழுத்திருக்கிறது.

பிசிறுகளை வெட்டி, கெட்ட பஞ்சை எடுத்துப் புதுப் பஞ்சு வைத்து, ஏறத்தாழ அதே தடிமனுள்ள துணியால் ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டுத்துணியின் மூலைகளை வளைவாக வெட்டுகிறார்கள். கூரான மூலை எளிதில் பிரிந்து அடுத்த கடிக்குப் பிடி கொடுத்துவிடும். அடியிலும் மேலேயும் துணியை ஒருசேர நகர்த்தும் கனத்த தையல் எந்திரத்தில், ஈரத்தில் மக்காத பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலால் இரட்டைத் தையல் ஓடுகிறது. ஊசித் துளைகள் வழியே நீர் புகாதபடி தையலின்மேல் அடைப்புப் பசை தடவி, நீர்புகாத் திரவத்தால் போர்வையை மீண்டும் பதப்படுத்துகிறார்கள். விரல் நுழையும் துளையையும் உடனே தைத்துவிட வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை அறிவு. தொங்கும் இழையைக் குதிரை மீண்டும் மீண்டும் தேடி வரும்.

கிழியாமல் காப்பது மேய்ச்சல் வெளியிலேயே தொடங்குகிறது. குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியலாவது கூடுதலாக உலர்புல்லை இடைவெளி விட்டுப் போட்டால் போட்டியும் சலிப்பும் குறையும். ஓயாமல் இழுக்கும் குதிரையை வேறு துணையோடு விடலாம், அல்லது இரு வெளிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இரட்டை மின்வேலி போடலாம். போர்வை உடலோடு பொருந்தியிருக்க வேண்டும். வயிற்றுப் பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கையகலம் போதும். அதற்குமேல் தொங்கினால் கால் சிக்கும். கழற்றக்கூடிய கழுத்து மறைப்பைத் தேவையில்லாத நாளில் எடுத்துவிடலாம்.

குதிரைகளுக்கென விற்கும் கசப்புத் தெளிப்பான் சில குதிரைகளைத் தடுக்கும், சிலவற்றைத் தடுக்காது. மழைக்குப் பின் மறுபடி தெளிக்க வேண்டும். கடிக்கும் குதிரைக்கு வாய்க்கூடு மாட்டலாம். ஆனால் குதிரை தண்ணீர் குடிக்கிறதா, புல் எட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும், நாள் முழுதும் மாட்டிவைக்கக் கூடாது. நல்ல போர்வையின்மேல் பழைய போர்வையைப் போடும் பழக்கமும் உண்டு. அது எடையையும் வெப்பத்தையும் கூட்டும், நழுவவும் செய்யும்.

போர்வை தேவைதானா என்பதையும் ஒவ்வொரு நாளும் கேட்டாக வேண்டும். நார்வேயில் 23 குதிரைகளுக்குக் குறியீட்டுப் பலகைகளைத் தொடப் பழக்கி, போர்வை வேண்டுமா வேண்டாமா என்று அவற்றையே தெரிவிக்க வைத்த ஆய்வு 2016இல் வெளியானது. குளிர்மழை நாளில் அவை போர்வையைக் கேட்டன. இதமான வெயிலில் கழற்றச் சொல்லின. வானிலை இடம்கொடுக்கும் நாளில் போர்வையைக் கழற்றினால் துணியும் தப்புகிறது, தோழமை வருடலும் தோலுக்கே கிடைக்கிறது. போர்வை கிடக்கும் நாட்களிலோ, தினமும் ஒருமுறை அதை அவிழ்த்துத் தோளையும் மார்பையும் தடவிப் பார்த்து, பட்டைகளையும் தையலையும் சோதிப்பது குதிரை வளர்ப்பவரின் கடமை. அறுந்த பட்டை காலில் சிக்கினால் அல்லது போர்வை வயிற்றடிக்குச் சரிந்தால் குதிரை மிரண்டு ஓடி உயிருக்கே ஆபத்தை வரவழைத்துக்கொள்ளும்.