கையுறைக்குக் கணக்குப் பார்த்தவன்

என் அக்கா மகன் முதன்முதலாக பைக் வாங்கியபோது, அவனுக்கு என்னென்ன வாங்குவது என்று முடிவு செய்தவன் நான். அந்த முடிவு தவறு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை, தெரிந்தே செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் வண்டி விஷயம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். எந்த ஷோரூமில் என்ன தள்ளுபடி, டியூ எத்தனை மாதம் போட்டால் லாபம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கையில் மிஞ்சிய பணத்தில் கிராஷ் கார்டு, சீட் கவர், மொபைல் ஹோல்டர், டேங்குக்கு ஸ்டிக்கர் என்று கூடவே நின்று போட வைத்தேன். வண்டியின் எஞ்சினுக்குக் காவல் வைத்தவன், ஓட்டுகிறவன் உடம்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

"மாமா, கிளவுஸ், ஜாக்கெட்டெல்லாம் வேண்டாமா?" என்று அவன் கேட்கத்தான் செய்தான்.

"நீ என்ன லடாக்குக்கா போறே? இந்த வெயில்ல ஜாக்கெட் போட்டா வெந்து போயிடுவே" என்று சிரித்தேன். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பையன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஹெல்மெட்டில் செய்தது இன்னும் மோசம். வண்டியோடு வந்த ஹெல்மெட் அவன் தலையில் லொடலொடவென்று ஆடியது. வேறு வாங்குவதற்குப் பதில், வீட்டில் சும்மா கிடந்த என் பழைய ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தேன். நல்ல தயாரிப்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு நான் ஒருமுறை விழுந்ததையும், தலை தார் ரோட்டில் மோதியதையும் அவனிடம் சொல்லவில்லை. ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல் மாதிரி இருக்கும் நுரை, அடியைத் தான் வாங்கி நசுங்குவதால்தான் மண்டை பிழைக்கிறது. நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எனக்குப் புதிது வாங்கியிருந்தேன்.

கொஞ்ச நாளில் அவன் விழுந்தான். வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில், கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில், கடைக்குப் போகும் வேகத்தில் வழுக்கிவிட்டது. விழுகிறவன் தன்னையறியாமல் கையைத்தான் ஊன்றுவான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துபோய், வளர்ந்த பிள்ளைக்கு அக்கா சோறு ஊட்டிவிட வேண்டியதாயிற்று. தலை தரையில் படாதது அவன் அதிர்ஷ்டம். பார்க்கப் போன நானோ, "கிராஷ் கார்டு போட்டதால வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று பெருமை பேசிவிட்டு வந்தேன். பிறகு மனசு உறுத்தி, 'புது மாடல்' என்று ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துப் பழையதை வாங்கிவந்து உடைத்துப் போட்டேன். காரணம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவன் தெரிந்துகொள்வான்.

பணத்தட்டுப்பாடு என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்டிக்கருக்குப் பணம் இருந்ததே. ஹெல்மெட் என்றால் போலீஸ் மடக்காமல் இருப்பதற்கு என்ற நினைப்புதான் எனக்கு. 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்தவன் ரோட்டுக்குப் பயப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. இத்தனை காலம் வெறுங்கையோடு ஓட்டியதை வீரம் என்று நினைத்திருந்தேன். அவனுக்குக் கையுறை வாங்கினால் அது மடத்தனம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். என் கௌரவத்துக்கு அவன் உள்ளங்கை விலையானது.

முதல் வண்டி வாங்கும் பிள்ளையோடு கடைக்குப் போகும் மாமன்களே, அப்பாக்களே! வண்டி விலை பேசும்போதே பாதுகாப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் வாங்குங்கள். அது கன்னத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வாரைப் பூட்டியபின் பின்பக்கம் பிடித்து முன்னால் தூக்கினாலும் கழன்று வரக் கூடாது. கையுறை விரல்களை முழுக்க மூடுவதாகவும், உள்ளங்கையில் தடிப்பான பட்டை வைத்ததாகவும் இருக்கட்டும். ஷூ கணுக்காலை மூட வேண்டும். நம் வெயிலுக்குக் காற்றுப் போகும் மெஷ் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. தோளிலும் முழங்கையிலும் உள்ள பட்டையில் சி.இ. முத்திரையும் இ.என். 1621 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று உருவிப் பாருங்கள், சிலவற்றில் வெறும் ஸ்பாஞ்சைத் திணித்திருப்பார்கள். பணம் இடித்தால் ஜாக்கெட் அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கட்டும். ஹெல்மெட்டும் கையுறையும் வண்டி வெளியே வரும் அன்றே வேண்டும். அடிபட்ட ஹெல்மெட் வீட்டில் கிடந்தால், யாருக்கும் கொடுக்காமல் இன்றைக்கே உடைத்துப் போடுங்கள்.