எட்டு தவ் இடைவெளி

கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் இன்ஜினின் முன்பக்கம் குனிந்தார். கார்க்காரர் மிதித்தார். கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் வந்தது. காலை எடுத்ததும் மாஸ்டர் ஒரு நெம்புகோலை வைத்துப் புல்லியைப் பின்னால் தள்ளினார். ‘டக்’ என்று உள்ளே எதிலோ போய் முட்டியது.

“ஸ்டார்ட்டே பண்ண வேணாம் சார். கிராங்க்கு உள்ள நடந்துகினு இருக்கு. இறக்கிடலாம்.”

சைதாப்பேட்டையில் தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை அது. நின்றிருந்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தன் அப்பா வாங்கிய காரை மறுபடி சாலையில் ஓட்ட வேண்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார். புகை தள்ளுகிறது, ஆயில் விளக்கு சூடானால் மினுங்குகிறது, இவை இரண்டும்தான் அவர் சொன்ன குறைகள். ஒரு பழைய இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கைபடாமல் நின்று பார்க்க வேண்டும், வேலை நடுவில் கேள்வி கேட்கக் கூடாது, டீ நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது ஏற்பாடு.

ஹெரால்டு சென்னைக்குச் சொந்தமான வண்டி. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்து, பிரிட்டனில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த கார், 1961-லிருந்து வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் உருவானது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு என்று இருந்த காலம். பிரிட்டனில் அதன் இன்ஜின் 1147 சிசி, 1296 சிசி என்று பெருத்துக்கொண்டே போனது. இங்கே கடைசிவரை 948 சிசிதான். நான்கு சிலிண்டர், போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர். பானெட்டும் முன் மட்காட்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்த்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்த வண்டி என்று மாஸ்டர் இதை வாஞ்சையோடு சொல்வார்.

இன்ஜினை இறக்கி, அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றியதும் முதல் விடை கிடைத்தது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை பின்புற மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் அவற்றில் ஒன்றின் மேல் விழுகிறது. அந்த ஒன்று தேய்ந்து, தன் இடத்தை விட்டு நழுவி, சம்ப்பின் அடியில் கறுத்த ஆயிலுக்குள் கிடந்தது. மாஸ்டர் அதைத் துடைத்து என் கையில் வைத்தார். ஒரு முகத்தில் ஆயில் போவதற்காக இரண்டு வரிப்பள்ளங்கள். அந்த முகம்தான் சுழலும் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். தேய்ந்திருந்ததோ பள்ளமில்லாத முகம். என்றோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். போட்ட அன்று வண்டி ஓடியிருக்கும், மறுநாளும் ஓடியிருக்கும். ஆயில் போய்ச் சேராத உலோகம் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி எட்டு தவ்வுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய மூன்று தவ் பருமன் இருக்கும். டயல் கேஜை முட்டுக்கொடுத்துக் கிராங்க்கை நெம்பிப் பார்த்தபோது முள் நாற்பதைத் தாண்டியது.

அடுத்தது சிலிண்டர்கள். மேலே ரிங் ஏறி நிற்கும் இடத்தில் நகத்தை வைத்துத் தடவினால் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. ரிங் உரசாத மேல்பகுதி அப்படியே இருக்க, கீழே தேய்ந்துபோனதன் அடையாளம் அது. போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, அடியில் என்று இறக்கி, குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து, பட்டறைப் பையன் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினான். மூன்றாவது சிலிண்டர் வட்டமாகவே இல்லை. அதைவிடப் பெரிய இடி, இந்த பிளாக் ஏற்கெனவே 40 சைஸ்வரை, அதாவது அசல் அளவைவிட 40 தவ் கூடுதலாக, போர் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் குடைந்தால் சுவர் தாங்காது. நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ் இறக்கியாக வேண்டும்.

கார்க்காரரின் முகம் வாடியது. செலவு ஏறுகிறது என்பது ஒரு பக்கம். தன் அப்பா பத்திரமாக ஓட்டிய வண்டி என்று அவர் நினைத்திருந்தார். மாஸ்டர் அவரைத் தேற்றிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. “நாப்பது சைஸ் வரைக்கும் வந்திருக்குன்னா, அவ்ளோ ஓடி இருக்கு சார். உங்கப்பா சும்மா நிறுத்தி வெச்சி அழகு பாக்கல.”

மாஸ்டரிடம் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிஸ்டன் கைக்கு வராமல் போர் அடிக்க பிளாக்கை அனுப்ப மாட்டார். ஹெரால்டு பிஸ்டனுக்காக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறினோம். அந்த வீதியில் இன்று அதிகம் நகர்வது புது மாடல்களின் சஸ்பென்ஷன், பிரேக், விளக்குச் சாமான்கள். பழைய இன்ஜின் சாமான் வேண்டுமென்றால் பரண்மேல் ஏறத் தயங்காத கடைக்காரரைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். புதுப்பேட்டையிலும் கேட்டுப் பார்த்தோம்; அங்கே கிடைத்தது எல்லாம் கழற்றியவை. கடைசியில் ஒரு பரணில், அட்டை மங்கிப்போன பெட்டியில், 20 சைஸில் ஒரு செட் இருந்தது. அதை முன்னால் வைத்துத்தான் மற்ற கணக்கெல்லாம் தொடங்கியது. ஸ்லீவை இறக்கி, அந்த நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக அளந்து, எது எந்த சிலிண்டருக்கு என்று எண் குத்தி, அதன் அளவுக்கேற்ப போர் அடிக்க வேண்டும். தராசில் வைத்தபோது ஒரு பிஸ்டன் மற்றவற்றைவிடச் சில கிராம் கூடுதலாக இருந்தது. பின் துளையை ஒட்டிய உட்புறச் சதையில் அரத்தைப் போட்டுக் குறைத்து, நான்கையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். அந்த வேலைக்கு ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கிராங்க் கிரைண்டிங் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில். எல்லோரும் ‘பாய்’ என்று அழைக்கிற அறுபதைத் தாண்டிய மனிதர். அவருடைய இயந்திரம் அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய சாணைக்கல் ஒரு பக்கம், மையம் தள்ளிப் பொருத்தக்கூடிய பிடிகள் இரண்டு பக்கம். ஹெரால்டு கிராங்க்கில் மூன்று மெயின், நான்கு பிக் எண்ட் என பேரிங்கில் சுழலும் ஜர்னல்கள் மொத்தம் ஏழு. மெயின் மூன்றும் நேர்கோட்டில் இருக்கும். பிக் எண்ட் கடையும்போது அந்த ஜர்னலின் நடுவே இயந்திரத்தின் மையமாகும்படி கிராங்க் முழுவதையும் தள்ளிப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கே நேரம் பிடிக்கிறது. அரைப்பது அதற்குப் பிறகுதான். பால்போன்ற கூலன்ட் வழிய, கல் உலோகத்தைத் தொடும் ஓசையைக் கேட்டே எவ்வளவு எடுக்கிறது என்று பாய் சொல்கிறார். ஆனாலும் ஓசையை நம்பி எதையும் முடிப்பதில்லை. மைக்ரோமீட்டரை எடுக்குமுன் துடைத்து ஆறவிடுகிறார்.

“சூட்டுல அளந்தா பொய் சொல்லும்” என்றார்.

அவரிடம் இப்போது வருபவை பெரும்பாலும் ஜெனரேட்டர், டிராக்டர், கம்ப்ரசர் கிராங்க்குகள். கார் அரிதாகிவிட்டது. புது வண்டிகளுக்கு இன்ஜின் போனால் பாதி இன்ஜினையே பெட்டியில் வாங்கி மாற்றிவிடுகிறார்கள். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களில் நிலைத்தவர் யாரும் இல்லை. புலம்பலாக இல்லாமல், மழை இல்லை என்று ஒரு விவசாயி சொல்கிற சாதாரணக் குரலில்தான் இதைச் சொன்னார். எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை. பழைய கார் ஊர்வலங்களில் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் பரிசு கொடுக்கிறோம்; காரின் பெயர்ப் பலகையில் உரிமையாளர் பெயரும் மாடல் ஆண்டும் இருக்கின்றன. அந்தக் கிராங்க்கை அரைத்தது யார், போர் அடித்தது யார் என்றும் அதே பலகையில் எழுதினால் என்ன? அவர்கள் கைவிட்டுவிட்டால் அந்த வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

தேய்ந்த வாஷரின் பக்கத்தில் கிராங்க்கின் முகமும் கீறிப்போயிருந்தது. பாய் அதைச் சமன் செய்தார். உலோகம் குறைந்ததால் வாஷர் அந்த அளவுக்குத் தடிமனாக வேண்டும். அப்படிப்பட்டது கடையில் கிடைக்கவில்லை. பக்கத்து லேத்துப் பட்டறையில் கன்மெட்டலைக் கடைந்து, ஆயில் பள்ளம் வெட்டி, அறுத்து இரண்டாக்கினார்கள்.

பட்டறையில் முதல்முறை பூட்டியது ஒரு காலை. மெயின் பேரிங்குகளை வைத்து, ஆயில் விட்டு, கிராங்க்கை இறக்கி, மூடிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒவ்வொரு மூடிக்குப் பிறகும் கையால் ஒரு சுற்று. முன்பக்கமும் நடுவும் எளிதாகச் சுற்றின. பின்பக்க மூடி இறுகியதும் கிராங்க் நின்றுவிட்டது. தளர்த்தினால் சுற்றுகிறது, முறுக்கினால் பிடிக்கிறது. ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் சொன்னார். மாஸ்டர் பதில் சொல்லவில்லை. “கழட்டு” என்று பையனிடம் சொன்னார்.

பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அதன் ஓரத்தில் மட்டும் நூல்போல ஒரு பளபளப்பு. ஜர்னல் முடிந்து பக்கச் சுவர் எழும் மூலையில் கூர்மை இருக்காது, சிறு வளைவு இருக்கும். அந்த வளைவு பெரிதாகிவிட்டதால் பேரிங்கின் ஓரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அளந்தால் ஜர்னலின் விட்டம் சரியாகவே இருக்கும். மைக்ரோமீட்டர் இதைக் காட்டாது. கிராங்க்கோடு மறுபடியும் ராயப்பேட்டை. பாய் பேரிங்கைப் பார்த்தார், ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வைரமுனையால் கல்லின் ஓரத்தைச் செதுக்கி, மூலையை மட்டும் தொட்டு எடுத்தார். ஒரேயடியாகவும் எடுத்துவிட முடியாது. அந்த வளைவு இல்லாமல் மூலை கூராகிவிட்டால், கிராங்க் ஓடுகிற ஓட்டத்தில் அங்கிருந்துதான் விரிசல் விட்டு ஒடியும். அந்த வேலைக்கு அவர் பணம் வாங்கவில்லை.

இரண்டாம்முறை கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்றியது. கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்தார்கள். ஆறு தவ். பள்ளங்கள் கிராங்க்கைப் பார்த்திருக்கின்றனவா என்று பையனையும் பார்க்கச் சொன்னார், என்னையும் பார்க்கச் சொன்னார்.

அடுத்த தடங்கல் சம்ப் மூடும்போது வந்தது. இந்த இன்ஜினின் முன்பக்க அடியில் ஓர் அலுமினியக் கட்டை உண்டு. சம்ப்பின் முன் போல்ட்டுகள் அதில்தான் ஏறுகின்றன. மென்மையான உலோகம், ஆண்டுகளாகப் பலபேர் முறுக்கிய முறுக்கு. கடைசி போல்ட்டில் மரை அப்படியே உருண்டு வந்துவிட்டது. கட்டையைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, எஃகு புஷ் ஒன்றை இறுக்கி, அதற்குள் பழைய அளவில் டேப் போட்டார்கள். அந்தக் கட்டையின் இரு ஓரங்களிலும் ஆயில் கசியாமல் அடைப்பவை மரச் சிம்புகள்! இன்ஜினுக்குள் மரம் என்றால் நம்ப முடியவில்லை, ஆனால் அதுதான் அதன் அசல் அமைப்பு. பெட்டிப் பலகையிலிருந்து மாஸ்டர் இரண்டு துண்டு சீவி, பசை தடவித் தட்டி இறக்கி, துருத்திய பகுதியைப் பிளேடால் சமமாக நறுக்கினார்.

ஹெட் வேலை சிக்கலில்லாமல் நடந்தது. வால்வு உட்காரும் இடங்களை வெட்டி, பேஸ்ட் தடவித் தேய்த்து, பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். ராக்கர் ஷாஃப்ட் மட்டும் தேய்ந்திருந்தது, மாற்று கிடைத்தது. டாப்பெட் இடைவெளி பத்து தவ்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் மட்டும் அடிக்கச் சொன்னார். ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு அடித்தார்கள். பிறகுதான் பிளக்குகள், ஒன்று-மூன்று-நான்கு-இரண்டு என்ற வரிசையில் வயர்கள், கார்புரேட்டருக்குப் பெட்ரோல். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பற்றிக்கொண்டது. உள்ளே பூசிய ஆயில் எரிந்த புகை பட்டறையை நிரப்பியது. கார்க்காரர் பயந்துபோய் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஆயில் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐட்லிங்கில் விடக் கூடாது என்று வேகத்தை ஏற்றிப் பிடித்தார். கேமுக்கு ஆயில் தெறித்துப் போய்ச் சேர வேண்டும், புது ரிங் சிலிண்டரில் படிய வேண்டும். இருபது நிமிடம் அப்படியே ஓடியது. புகை மெலிந்து நின்றது. விளக்கு சூட்டிலும் எரியவில்லை.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக மறுபடி டார்க் ரெஞ்சில் முறுக்கினார்கள். கேஸ்கெட் அமுங்கியதால் டாப்பெட் இடைவெளிகள் மாறியிருந்தன. எட்டையும் திரும்ப பத்துக்கு வைத்தார்கள். கார்க்காரர் கிளட்ச்சை மிதித்தார், மாஸ்டர் குனிந்து பார்த்தார். புல்லி அசைந்தது தெரியவில்லை.

கீழே காகிதம் விரித்துப் பார்த்ததில், புஷ் போட்ட போல்ட்டின் அருகே ஒரு சொட்டு ஆயில் கசிந்திருந்தது. இன்னும் முறுக்கட்டுமா என்று பையன் ஸ்பேனரை எடுத்தான். வேண்டாம் என்றார் மாஸ்டர். 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு முதல் ஆயில் மாற்ற வண்டி வரும். அப்போதும் கசிந்தால் சம்ப்பை இறக்கிவிடலாம் என்று சுவரில் ஹெரால்டின் நம்பருக்குக் கீழே அதையும் எழுதச் சொன்னார். கார்க்காரர் கியர் பாக்ஸில் ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார். “கேக்குது சார், மூணாவது கியர்ல” என்றார் மாஸ்டர். “இது முதல்ல ஓடி படியட்டும்.”