பிடிமானம்

உடையவர் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்தது பிள்ளைப்பாக்கம். அங்குள்ள பழைய செங்கல் வீடொன்றில், ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க எண்ணி வைகறையில் நீராடப் புகுந்த பாட்டியார், குளியலறைக் கைப்பிடியைப் பற்றினார். அது கையோடு பெயர்ந்து வந்தது. பெருமாள் திருவருளால் அவர் விழவில்லை.

சிப்காட் ஆலையொன்றில் பணிபுரியும் பேரன் துளையை ஆராய்ந்தான். "பாட்டி, டைல்ஸ் பளபளக்கிறது, உள்ளே செங்கல் உதிர்கிறது. பிளாஸ்டிக் பிளக் மேற்பூச்சைத்தான் பற்றியிருந்தது" என்றான்.

பழைய துளையினின்று விலகி, டைல்ஸின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, டிரில்லின் தட்டும் விசையை நிறுத்தி, செங்கல்லின் ஆழம்வரை மெல்லத் துளையிட்டான். தூசியைத் தூரிகையாலும் காற்றாலும் நீக்கினான். வலையுறையைச் செருகி, ரெசின் பசை நிரப்பி, திருகுகம்பியை நுழைத்தான். விரியும் ஆணி நொய்ந்த செங்கல்லைப் பிளக்கும். பசையோ இடுக்குகளில் பரவிச் சுவரோடு ஒன்றாகும். அது இறுகும்வரை எவரையும் தொட விடவில்லை. மறுநாள் கைப்பிடியைப் பொருத்தி, தன் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்த பின்னரே பாட்டியாரை அழைத்தான்.

பற்றும் கை தளரலாம், பற்றப்படுவது தளரலாகாது. சரணாகதியை அறிந்த பாட்டியாருக்கு இது புதிய பாடமன்று. கைப்பிடியைப் பற்றி, "ராமாநுஜா" என்றபடி அவர் நீராடப் புகுந்தார்.