கரணம் தப்பினால்...



"கரணம் தப்பினால் மரணம்" என்ற பழமொழியைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. தேர்வுக்கும் சொல்வார்கள், தேர்தலுக்கும் சொல்வார்கள். ஆனால் அதில் வருகிற 'கரணம்' வேறொன்றுமில்லை, குட்டிக்கரணம்தான்! அந்தக் கரணத்தை முறையாகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பதினெட்டு வயதில் எனக்கு ஆசை வந்தது. "ஏண்டா, அரியர் வெச்சிருக்கிறது பத்தாதா, கரணம் வேற அடிக்கணுமா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

ஆசைக்கு விதை போட்டவர் தீபா கர்மாகர். திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்தவர். பிறவியிலேயே தட்டைப் பாதம். பயிற்சி தொடங்கிய காலத்தில் சரியான உபகரணம் இல்லாமல், பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு செய்த உந்துபலகையில் குதித்துப் பழகியவர். ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர்தான். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியில் அவர் எடுத்தது 15.066 புள்ளி. வெண்கலம் வென்றவர் எடுத்தது 15.216. வெறும் 0.15 வித்தியாசத்தில் நான்காம் இடம்! சின்னப் பையனாக அதைப் பார்த்தபோது, மனிதர் காற்றில் இரண்டு சுற்று சுற்றிக் காலில் வந்து நிற்க முடியுமா என்று வாயைப் பிளந்தேன்.

எங்கள் ஊர் விளையாட்டரங்கத்தில் மாலை நேரத்தில் தொடக்கநிலை டம்ப்ளிங் வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் போய்ப் பெயர் கொடுத்தேன். கிணற்றுமேட்டிலிருந்து பல்டி அடித்துக் குளித்தவன்தானே என்ற தைரியம். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி உன்னைத் தாங்கும் தம்பி, தரை தாங்காது. ஒரு வாரம் வீட்ல தயாராகிட்டு அடுத்த திங்கக்கிழமை வா" என்றார்.

வீட்டில் சொன்னேனோ இல்லையோ, அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "கை கால் ஒடஞ்சா யாருடா பாக்கறது? நீ ஒருத்தன் படிச்சு வேலைக்குப் போவேன்னுதானே இத்தனை பாடு!" அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா கொத்து வேலை பார்க்கிறவர். அவர் ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் லேத்தில் நிற்க முடியாது, டிராயிங் போட முடியாது. ஒரு செமஸ்டரே போய்விடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனின் கை, அவனுக்கு மட்டும் சொந்தமான கை அல்ல.

அப்பா சாப்பிட்டு முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் தெனமும் சாரத்துல ஏறுறேன். விழுந்துருவேன்னு ஏறாம இருக்கேனா? ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பாத்துட்டு ஏறுவேன். நீயும் இழுத்துப் பாத்துட்டு ஏறு."

அந்த ஒரு வாரமும் நான் இழுத்துப் பார்த்த கட்டைகள் இவைதாம்.

முதலாவது மணிக்கட்டு. கரணம் போடும்போது உடம்பின் பாரம் முதலில் இறங்குவது உள்ளங்கையில். யானை மாதிரி நான்கு காலில் நின்று, விரல்களை அகல விரித்து, பாரத்தை முன்னும் பின்னும் மெல்ல மெல்ல மாற்றிப் பழகினேன். இரண்டாவது வயிறு. மல்லாந்து படுத்து, இடுப்பு தரையில் ஒட்டியிருக்க, தோளையும் காலையும் ஒரு சாண் தூக்கி இருபது விநாடி நிற்கவேண்டும். முதல் நாள் எட்டாவது விநாடியிலேயே உடம்பு நடுங்கியது!

மூன்றாவதுதான் முக்கியம், முதுகை வளைப்பது. பாயைப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சில் ஒட்டி, தொட்டில் மாதிரி பின்னால் உருண்டு முன்னால் வரவேண்டும். கரணத்தில் உச்சந்தலை தரையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். கைகள் பாரத்தைத் தாங்க, பிடரிக்குக் கீழே தோள்பட்டைதான் தரையைத் தொடவேண்டும். பழமொழி சொல்கிற மரணம் ஒளிந்திருப்பது இந்தக் கழுத்தில்தான்!

நாம் படித்த மெக்கானிக்ஸ் இங்கே வந்து நிற்பதைப் பாருங்கள். உடம்பைச் சுருட்டினால் அதன் பகுதிகள் சுழலும் அச்சுக்கு நெருங்குகின்றன. தூரம் பாதியானால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா கால் பங்காகிறது. அதனால்தான் சுருண்டவன் வேகமாகச் சுற்றுகிறான், விரிந்தவன் மெதுவாகச் சுற்றுகிறான். இன்னொரு கணக்கு: 50 கிலோ ஆள் 1 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். விறைத்து நின்று 0.1 விநாடியில் அதை நிறுத்தினால், உடல் எடை போக, சராசரியாக 2200 நியூட்டன் விசை காலில் இறங்கும். முழங்காலை மடக்கி 0.4 விநாடியில் நிறுத்தினால் 550 நியூட்டன்தான். மெத்தை செய்யும் வேலையும் இதுவே.

மற்றவை சில்லறை வேலைகள். கை, கால் நகங்களை ஒட்ட வெட்டினேன். பனியனை அரைக்கால் சட்டைக்குள் நன்றாகச் செருகினேன், தலைகீழாகும்போது முகத்தை மூடாமல் இருக்க. நாலு மணி பஜ்ஜியைத் துறந்தேன், ஒரு வாழைப்பழத்தோடு சரி. வாட்ச், பெல்ட், கயிறு எதுவும் ஆகாது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா கட்டிய வெள்ளித் தாயத்தை அவிழ்ப்பது எப்படி? கடைசியில் அம்மாவே அவிழ்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "அது இங்கேர்ந்தே பாத்துக்கும், போய்ட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை போனால், அங்கே நிற்பதெல்லாம் ஏழு வயது, எட்டு வயது வாண்டுகள்! ஒரு சிறுமி வந்து, "அண்ணா, நீங்க புது மாஸ்டரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, புது ஸ்டூடண்ட்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப என் பின்னாடி நில்லுங்க" என்று இடம் காட்டினாள். முக்கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்குவதும் உருளுவதும்தான். கடைசியில் சரிவான மெத்தையின் உச்சியில் உட்கார வைத்தார் மாஸ்டர். கையை ஊன்றி, முகவாயை ஒட்டி, இடுப்பைத் தூக்கினேன். உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு கால்களும் தரையில் இருந்தன! "இன்னொரு தடவை" என்றார் மாஸ்டர், பாராட்டு ஏதுமில்லாமல்.

நண்பர்களே, நம்மில் பலருக்கு, எங்கே போனாலும் நமக்கு முன்னால் போய் வந்தவர் என்று வீட்டில் எவரும் இல்லை. கல்லூரி விண்ணப்பமானாலும் சரி, வேலைக்கான நேர்முகத் தேர்வானாலும் சரி, நாம்தான் முதல் ஆள். அதனால் பயம் வருவது இயற்கை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று பயமுறுத்தவும் ஆள் இருக்கிறது. ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பதினெட்டு என்று ஒன்று இருக்கிறதே! ஒவ்வொரு கட்டையாக இழுத்துப் பார்த்து ஏறினால் போதும்.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்கு. யாராவது வருவதாக இருந்தால், மறக்காமல் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்