622001

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கம்ப்யூட்டருக்கே கஷ்டமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் எண்கள் மனசில் நிற்காது. பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு படி.

நம் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 622001. பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருக்கும். ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 11, ஆகவே 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துப் போனால் முதல் 120 பகா எண்களும் கைவிரித்துவிடும். 121-ஆவது பகா எண்ணான 661-இல்தான் பிடிபடுகிறது: 661 × 941. இரண்டுமே பகா எண்கள்.

வகுக்காமலே இதைப் பிடிக்க 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கையாண்ட வழி ஒன்று உண்டு. இதைப் பார்:

785² + 76² = 622001
665² + 424² = 622001

பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே விதமாகத்தான் எழுத முடியும். இரண்டு விதம் கிடைத்தாலே அது பகு எண். ராமானுஜன் 1729-ஐப் பற்றிச் சொன்ன ‘இரண்டு விதம்’ கனங்களுக்கு, இது வர்க்கங்களுக்கு. இனி, 785 − 665 = 120, 424 − 76 = 348; இவற்றின் மீ.பொ.கா. 12. அடுத்து 785 + 665 = 1450, 424 + 76 = 500; மீ.பொ.கா. 50. இரண்டையும் பாதியாக்கு: 6, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டு. 36 + 625 = 661!

ஆனால் அந்த இரண்டு விதங்களையும் முதலில் தேடிப் பிடிக்க வேண்டுமே. எண் பெருத்தால் அந்தத் தேடலும் கூடவே பெருக்கும். உன் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஓர் எண் உடையுமா என்பது வேறு, எங்கே உடையும் என்பது வேறு. முதல் கேள்வியை, எவ்வளவு பெரிய எண்ணானாலும் விரைவாகவும் ஐயமின்றியும் தீர்க்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். அது பகு எண் என்று சொல்லிவிடும். காரணி எது என்று சொல்லாது.

இரண்டாவது கேள்வி கடினமாக இருப்பதை நம்பித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியச் செய்திப் பூட்டைச் செய்தார்கள். அந்த வகையில் சவாலாக விடப்பட்ட 250 இலக்க எண் 2020-இல்தான் உடைந்தது. கம்ப்யூட்டரின் ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்திருந்தால் ஏறக்குறைய 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று புழக்கத்தில் உள்ள பூட்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

உனக்கு ஒரு கணக்கு: 1073. வகுக்கக் கூடாது, இரண்டு விதமாக வர்க்கங்களைத் தேடிக் காரணிகளைக் கண்டுபிடி. எவ்வளவு நேரம் தேடலுக்குப் போனது, எவ்வளவு நேரம் கணக்குக்குப் போனது என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா