எங்க வீட்டு சயின்ஸ் ஃபிக்‌ஷன் சேனல்

மக்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனால் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இந்தப் பதிவு சாட்சி.

மைசூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சொந்த ஊர் காஞ்சிபுரம். வாரம் பூரா பேங்கில் ஆணி புடுங்கிவிட்டு, ஞாயிறு ஒரு நாள் டிவி முன்னால் காலை நீட்டலாம் என்று உட்கார்ந்தால், பட்டென்று போச்சு கரண்ட். இன்வெர்ட்டரில் ஒரு லைட்டும் ஒரு ஃபேனும்தான் ஓடும். தங்கமணி, பத்தாவது படிக்கும் மகள், என் அம்மா, அடியேன், எல்லோரும் ஒரே ஹாலில். இது எங்கள் வீட்டில் அபூர்வம்.

மகள்தான் ஆரம்பித்தாள். "அப்பா, உனக்கு ஒரு டிவி சேனல் குடுத்துட்டாங்க. ஆனா சயின்ஸ் ஃபிக்‌ஷன் மட்டும்தான் போடணும். எதையெல்லாம் போடுவே?"

"இவருக்கு யாரு சேனல் குடுப்பாங்க?" இது தங்கமணி.

அப்படிச் சொல்லக்கூடாது. நாங்கள் குடியிருப்பது ஒண்டிக்கொப்பலுக்குப் பக்கம். 1935-ல் இதே ஒண்டிக்கொப்பலில், மகாராஜா கல்லூரியில் மனோதத்துவம் நடத்திய எம்.வி.கோபாலஸ்வாமி தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் வைத்தார். அதன் பெயர் ஆகாசவாணி. பிற்பாடு நாட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. புரொஃபசர் செய்ததை ஒரு பி.காம். செய்யக்கூடாதா என்ன!

இருந்தாலும் பேங்க் புத்தி போகுமா? முதலில் வரவு செலவு பார்த்தேன். அமெரிக்காவில் 1992-லேயே இதற்கென்று தனிச் சேனல் வந்தது, சைஃபை சேனல் என்று. பிற்பாடு விண்வெளிக்கு நடுவே குஸ்தியைக் காட்ட ஆரம்பித்தார்கள். 2009-ல் பெயரின் எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். தி எக்ஸ்பான்ஸ் மாதிரி நல்ல தொடரை மூணு சீசனோடு 2018-ல் கைகழுவ, அதை அமேசான் எடுத்துக்கொண்டது. விண்கலம் செட் போடக் காசு ஜாஸ்தி, பார்க்கிற கூட்டம் கம்மி. நம்ம ஊரிலோ 2019-ல் டிராய் கொண்டுவந்த கட்டண முறைக்கு அப்புறம், காசு கட்டும் சேனலை வீட்டுக்காரர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களை மாதிரி வெளியூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஏற்கெனவே தமிழுக்கு ஒரு பேக், ஊருக்காகக் கன்னடத்துக்கு ஒரு பேக் என்று இரண்டு பக்கம் அழுகிறது. மூணாவதாக என் சேனலுக்கு யார் அழுவார்கள்? லோன் கேட்டு என்னிடமே இந்த ப்ராஜெக்ட் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் சேனல் நடத்தக் காசு எதுக்கு. ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டார் ட்ரெக். பழசு. அதுல மாத்தமே கிடையாது."

கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், கண்டுக்காதீர்கள். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் அது வந்தது. அமெரிக்காவில் 1966-ல் ஆரம்பித்து மூணு சீசன், 79 எபிசோடோடு நிறுத்திய தொடர் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஆறு ஏழு வயசு. எங்கள் வீட்டு டயனோரா பிளாக் அண்ட் ஒயிட் டிவியில் ஸ்பாக் காதும் கறுப்பு வெள்ளைதான். வீட்டில் யாருக்கும் அந்த இங்கிலீஷ் புரியாது. அப்பா பட்டு சொசைட்டியில் கணக்கு எழுதியவர். பாதி படத்தைப் பார்த்துவிட்டு மீதியை அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். "இந்தக் காதுக்காரன் கணக்குப்பிள்ளைடா. கேப்டன் செலவு பண்றேங்கறான், இவன் வவுச்சர் கேக்கறான்." எதிர்க் கப்பல்காரன் பாக்கி வைத்திருப்பான். கடைசியில் பாக்கி வசூலாகும். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரொம்ப வருஷம் கழித்து சப்டைட்டிலோடு பார்த்தேன். அப்பா சொன்ன கதையில் ஒன்றுகூட சரியில்லை. அவர் போன அடுத்த வருஷம் அது. சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்பேஸ் சிட்டி சிக்மா உண்டு, அப்புறம் 1998-ல் மிலிந்த் சோமன் நடித்த கேப்டன் வ்யோம் உண்டு என்று அடுக்கினேன். வியாழனின் நிலவிலிருந்து தப்பித்த கைதிகளைத் தேடிப் பிடிக்கிற கதை. எங்களுக்கு இந்தியும் புரியாது. அப்பாதான் அதற்கும் டப்பிங்.

மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, இது சேனல் இல்ல, மியூசியம்" என்றாள்.

அவள் லிஸ்ட் வேறு. முதலில் டார்க். 2017-லிருந்து 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜெர்மன் தொடர். முப்பத்துமூணு வருஷத்துக்கு ஒரு தடவை காலம் சுழலும். யாருக்கு யார் அப்பா என்பதை அவள் கலர் கலர் சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு ஏதோ கெமிஸ்ட்ரி என்று நினைத்து சந்தோஷப்பட்டதெல்லாம் தனிக்கதை.

அடுத்தது பிளாக் மிரர். அதில் மட்டும் நான் கட்சி மாறிவிட்டேன். நோஸ்டைவ் என்று ஒரு எபிசோட், 2016-ல் வந்தது. மனுஷருக்கு மனுஷர் ஸ்டார் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்டார் குறைந்தால் நல்ல வீடு கிடைக்காது. இதில் எங்கே கற்பனை? தினமும் காலையில் என் டேபிளுக்கு எதிரே உட்காருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சிபில் ஸ்கோரைத்தான் பார்க்கிறேன். எழுநூத்தைம்பது இருந்தால் சிரிக்கிறேன். இது ராத்திரி ஒன்பது மணி, நம்பர் ஒன் ஸ்லாட். பார்த்து பயப்படட்டும்.

கார்ல் சேகனின் காஸ்மாஸையும் நுழைத்தேன். 1980-ல் வந்தது, கதை இல்லை, நிஜ சயின்ஸ். ஆட்சேபணை வந்தது. ஆனால் பத்தாவது எபிசோடில் மனுஷர் தமிழ்நாட்டுக்கே வந்து பொங்கலைக் காட்டுகிறார், நடராஜரைக் காட்டிவிட்டுப் பிரபஞ்சம் பற்றிப் பேசுகிறார். வருஷா வருஷம் தை ஒண்ணாம் தேதி அதைப் போடுவேன். சேனல் ஓனர் நான்தானே.

"எல்லாம் சரி, தமிழ்ல என்ன போடறது?" என்று கேட்டதுதான் வம்பு.

மகள் சிரித்தாள். "தமிழ்லயா? ஸ்பேஸ்ஷிப்ல நின்னு தமிழ் பேசினா காமெடியா இருக்கும்பா. தமிழ் பாட்டி சீரியலுக்குத்தான் செட் ஆகும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, குழந்தைதான். ஆனால் சுருக்கென்றது. இவள் ஸ்கூலில் கன்னடம், கிளாசில் இங்கிலீஷ், வீட்டில் மட்டும் தமிழ். சாப்பிடக் கூப்பிட, திட்ட, ஊருக்கு போன் பேச. அதுக்கு மேல் அந்த மொழிக்கு வேலை வைக்கவில்லை நாங்கள். ஜெர்மன்காரன் கால இயந்திரத்தைப் பற்றி ஜெர்மனில் பேசினால் சீட்டு எழுதி ஒட்டிப் பார்க்கிறாள். நம்ம பேச்சில் சொன்னால் காமெடி. இத்தனைக்கும் 1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது இந்தியச் சாப்பாடு தயாரித்துக் கொடுத்தது இதே மைசூரில், சித்தார்த்த நகரில் இருக்கும் ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம். சாப்பாடு போகலாம், பேச்சு போகக்கூடாதா என்று கேட்டேன். லாஜிக் இடிக்கிறது என்றாள்.

அப்போதுதான் அதுவரை விசிறியால் கொசு விரட்டிக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏன்டா, எம்ஜியார் வேற கிரகத்துக்குப் போவாரே, அது கணக்கில்லையா?"

மூணு பேரும் திரும்பினோம்.

"கலை அரசிடா. பானுமதி நல்லாப் பாடுவா. அந்த ஊர்க்காரங்களுக்கு எல்லா விஞ்ஞானமும் தெரியும், பாட்டு மட்டும் தெரியாது. சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு பூமிக்கு வந்து இவளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நம்பியார் தூக்கிட்டுப் போவான். எம்ஜியார் போய்க் கூட்டிட்டு வருவார். நான் பாவாடை சட்டை போட்டுக்கிட்டு டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்து பார்த்தேன்."

படம் வந்தது 1963-ல். மகள் மொபைல் டேட்டாவில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். லண்டனில் பிபிசி டாக்டர் ஹூவை ஆரம்பித்த அதே வருஷம். நவம்பரில் அது வந்தது, கலை அரசி அதற்கு முன்னாலேயே. ஆக, எங்கள் வீட்டில் வேற்றுக்கிரகவாசியை முதலில் பார்த்தவள் பாட்டி. தமிழில்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது காமெடியாகத் தெரியவில்லை. "பயமா இருந்துச்சு, ராத்திரி மொட்டை மாடில படுக்கவே மாட்டேன்னுட்டேன்" என்றாள்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "விஞ்ஞானம் இருக்கு, பாட்டு இல்ல... ஐடியா நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது பெரிய சர்டிஃபிகேட்.

டாக்டர் ஹூ பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் எடுத்ததில் நிறைய டேப்பை பிபிசியே அழித்துவிட்டது. தொண்ணூறு எபிசோடுக்கு மேல் இன்றைக்கும் படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் அத்தனைக்கும் சத்தம் மட்டும் இருக்கிறது. எப்படி? வீட்டில் பார்த்த ரசிகர்கள் டிவிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். எங்கள் அப்பாவின் ஸ்டார் ட்ரெக்கை யாராவது அப்படிப் பதிந்திருக்கலாம். எங்களிடம் டேப் ரிக்கார்டர் இருந்தது. தோன்றவில்லை.

டப்பிங் போடலாமா கூடாதா என்று ஒரு சண்டையும் நடந்தது. மாடி வீட்டுக் கன்னட நண்பர் ஒருவர் இதில் ரொம்பத் தீவிரம். கர்நாடகாவில் பல வருஷம் டப்பிங்கையே உள்ளே விடவில்லை, 2015-ல் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. டப்பிங் வந்தால் சொந்தமாக யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. வாஸ்தவம்தான். ஆனால் அப்பாவிடம் டப்பிங் கேட்டு வளர்ந்த நான் அதை எப்படி எதிர்ப்பது? சேனலில் பாதி டப்பிங், பாதி சொந்தச் சரக்கு என்று முடித்துவிட்டேன்.

சொந்தச் சரக்கு என்றால் எனக்கு முதலில் ஜீனோ. சுஜாதாவின் என் இனிய இயந்திரா, விகடனில் தொடராக வந்து, பின்னால் சென்னைத் தூர்தர்ஷனிலும் வந்தது. அப்பா டப்பிங் பேசாமல் சும்மா உட்கார்ந்து பார்த்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். தனக்கு வேலையில்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கலாம். சுஜாதாவும் நம்மைப் போல வெளியூர் வந்தவர்தானே. பெங்களூர் ஜாலஹள்ளியில் பிஇஎல்லில் இன்ஜினியர். ஓட்டுப் போடும் மெஷினில் அவர் பங்கு உண்டு. கன்னட ஊரில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டேதான் வருஷக்கணக்காகத் தமிழில் எழுதினார்.

கரண்ட் வந்தது. ஆச்சரியம், யாரும் டிவியைப் போடவில்லை. பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பைண்டிங் போய் ரப்பர் பேண்டில் நிற்கிறது. மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் நானே வாசித்தேன். கதை நடக்கிற வருஷத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 2021, 2022.

"அது நான் மாஸ்க் போட்டுக்கிட்டு ஆன்லைன் கிளாஸ்ல இருந்த வருஷம்பா!"

கதையில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நிலா, சிபி, ரவி, மனோ. அதற்கு மேல் அனுமதி இல்லை. பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசாங்க அனுமதி வேண்டும். "லோன் சேங்ஷன் மாதிரியா?" என்று கேட்டாள் தங்கமணி. கிட்டத்தட்ட. மேலே ஜீவா என்று ஒருவர் ஆள்கிறார். அவரைப் பற்றி நான் சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் படித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஜீனோ, புத்தகம் படிக்கிற இயந்திர நாய். மகள் தன் பெயரை இரண்டெழுத்தாக வெட்டிப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

"ரோபோ நாய் இருக்கு, ஆனா யார்கிட்டயும் செல்போன் இல்லயேப்பா" என்று தப்புக் கண்டுபிடித்தாள். தப்புக் கண்டுபிடிக்கிறாள் என்றால் கேட்கிறாள் என்று அர்த்தம்.

இப்போது எங்கள் சேனலில் ஓடுவது அது ஒன்றுதான். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அத்தியாயம், அம்மாவின் சீரியல் முடிந்த கையோடு. பிளாக் மிரருக்கு வைத்திருந்த ஸ்லாட் போச்சு. நேற்று நடுவில் கஸ்டமர் போன் வந்து நான் எழுந்துபோய்விட்டு வந்து பார்த்தால், புத்தகம் மகள் மடியில். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிக்கு ரெண்டு நிமிஷம். எதிரே அம்மா விசிறியை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் படிடி, அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.